மிச்சமிருக்கும் ஆக்சிஜன்

எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று நேரடியாக அளக்கும் கருவி எதுவும் சாதாரணக் காரில் கிடையாது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு மிதவை உண்டு, அவ்வளவுதான். பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டருக்கே தான் எத்தனை மில்லிகிராம் தெளித்தோம் என்பது தெரியாது. இத்தனை மில்லிசெகண்ட் திற என்று உத்தரவு வரும், திறக்கும், மூடும். ஐட்லிங்கில் அந்த நேரம் இரண்டு மூன்று மில்லிசெகண்ட்தான். அதற்குள் இவ்வளவு பெட்ரோல் வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. வந்ததா என்பது வேறு விஷயம்.

உத்தரவு போடுவது இசியு எனப்படும் எஞ்சினின் கணினி. போட்ட உத்தரவு பலித்ததா என்று அது தெரிந்துகொள்வது, எல்லாம் எரிந்து முடிந்து புகை வெளியேறும் வழியில்தான். அங்கே குழாயில் முறுக்கி வைத்திருக்கும் ஆக்சிஜன் சென்சர், புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். மிச்சமிருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று இசியு முடிவுகட்டும். பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் மிச்சம் தீரவில்லையென்றால் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கை எரியவிடும். ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று ஒரு கோளாறுக் கோடு (code) வரும். கலவை மிகவும் லீன் என்று அதற்கு அர்த்தம்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதற்கு நேர்மாறான நிலை ரிச்.

அடுத்து பட்டறையில் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். “அண்ணே, ஆக்சிஜன் சென்சர் போயிருச்சுபோல. மாத்திப் பாத்துருவமா?” சில ஆயிரம் ரூபாய் கைமாறும். கோடை அழித்துவிட்டதால் விளக்கும் அணைந்திருக்கும். கொஞ்ச நாளில் திரும்ப எரியும். எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். பி0171 வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் சென்சர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது பார்த்ததற்கு நாம் கொடுக்கும் விளக்கம்தான் தப்பு.

லீன் எது, ரிச் எது என்று பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? அதைப் பள்ளிக்கூட வேதியியலை வைத்தே போட்டுவிடலாம். ஆக்டேன் மூலக்கூறில் 8 கார்பன் அணுக்கள், 18 ஹைட்ரஜன் அணுக்கள். மிச்சம் மீதி இல்லாமல் எரிந்தால் 8 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் 9 மூலக்கூறு நீரும் கிடைக்கும். அதற்கு 25 ஆக்சிஜன் அணுக்கள் வேண்டும். எடையில் சொன்னால் 114 கிராம் ஆக்டேனுக்கு 400 கிராம் ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜன் எடைக்கணக்கில் 23.2 சதவீதம்தான் என்பதால், 400 கிராம் ஆக்சிஜனுக்காகச் சுமார் 1,725 கிராம் காற்றை இழுத்தாக வேண்டும். வகுத்தால் 15.1. பங்கில் வாங்குவது தனி ஆக்டேன் அல்ல. டொலுவீன் மாதிரியான சேர்மங்களும் அதில் கலந்திருக்கின்றன. அவற்றில் ஹைட்ரஜன் குறைவு, அதனால் ஆக்சிஜன் தேவையும் குறைவு. எல்லாம் சேர்ந்து சராசரி 14.7-க்கு இறங்குகிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. லிட்டரில் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும். அது சுமார் 9,000 லிட்டர்.

பொறியாளர்கள் இந்த 14.7-ஐ லாம்டா 1 என்று குறிப்பார்கள். லாம்டா 1.1 என்றால் தேவைக்குமேல் 10 சதவீதம் காற்று. ஆனால் எஞ்சினுக்கு எப்போதும் 14.7-தான் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. முழு இழுவை வேண்டுமானால் 12.5, 13 என்று பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். உள்ளே வந்த ஆக்சிஜன் ஒன்றுவிடாமல் வேலை செய்வது அப்போதுதான். மைலேஜ் வேண்டுமானால் 15.5, 16-க்குப் போகலாம். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் 20-ஐத் தாண்டினால் தீப்பொறியால் கலவையை ஒழுங்காகப் பற்றவைக்க முடியாமல் போய்விடும்.

லீனாக ஓடும் கார் ஓட்டுகிறவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் தனி. காலையில் ஸ்டார்ட் ஆகச் சிணுங்கும். சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு அப்புறம்தான் இழுக்கும். சில சமயம் காற்று உள்ளே போகும் பக்கத்திலிருந்தே ‘டப்’ என்று ஒரு வெடிச் சத்தம் வரும். லீன் கலவையில் தீச்சுவாலை மெதுவாக நகர்வதுதான் அதற்குக் காரணம். பிஸ்டன் தன் சுற்றை முடித்து அடுத்த காற்றுக்காக வால்வு திறக்கும் நேரத்திலும் உள்ளே எங்கோ ஒரு மூலையில் தீ மிச்சமிருக்கும். புதிதாக வரும் கலவையை அது வாசலிலேயே பற்றவைத்துவிடும்.

லீன் ஆனால் எஞ்சின் சூடாகி பிஸ்டன் ஓட்டையாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இதில் பாதிதான் உண்மை. எரியும் கலவையின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது 14.7-க்குப் பக்கத்தில், சற்றே ரிச் பக்கம். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் வெப்பம் இறங்கும். ரிச்சாகப் போனால் உபரிப் பெட்ரோல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நன்றாக லீனாகப் போனால் உபரிக் காற்று வாங்கிக்கொள்ளும். ஆபத்து எங்கே என்றால், மேட்டில் முழு பாரத்தோடு ஏறும்போது. 12.5-ல் இருக்க வேண்டிய கலவை, பம்ப் பலவீனத்தால் 14.7-க்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சி தந்துகொண்டிருந்த உபரிப் பெட்ரோல் இல்லை, வெப்பம் உச்சத்துக்கு வந்துவிட்டது, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங்கும் கூடும். பிஸ்டன் போவது அங்கேதான். சிக்னலில் ஐட்லிங்கில் லீனாக ஓடுவதால் எந்தப் பிஸ்டனும் உருகியதில்லை.

இதை விமானக்காரர்கள் நம்மைவிட முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக, நிற்காமல் 33 மணி நேரத்துக்குமேல் பறந்து சேர்ந்த சார்லஸ் லிண்ட்பெர்க், 1944-ல் பசிபிக் போர்முனைக்குப் போய், பி-38 போர் விமானிகளுக்கு எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 1,600 ஆகக் குறை, உள்ளழுத்தத்தைக் கூட்டு, கலவையை லீனில் வை. எஞ்சின் கெட்டுவிடும் என்று விமானிகள் பயந்தார்கள். எஞ்சின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானங்கள் போய்த் திரும்பும் தூரம்தான் நீண்டது. கார்களிலும் ஒரு பெயர்பெற்ற முயற்சி நடந்தது. ஹோண்டாவின் சிவிசிசி எஞ்சினில் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை இருக்கும். அதில் ரிச் கலவையைப் பற்றவைத்து, அந்தத் தீயை வைத்துப் பெரிய அறையில் இருக்கும் லீன் கலவையை எரித்தார்கள். அமெரிக்காவின் 1970 தூய காற்றுச் சட்டம் கேட்ட மாசு அளவை, புகையைச் சுத்தம்செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலே இந்த எஞ்சின் எட்டிப்பிடித்தது.

அப்படியிருந்தும் உலகம் முழுக்க பெட்ரோல் கார்கள் 14.7-லேயே வந்து நின்றதற்குக் காரணம் எஞ்சின் அல்ல, கன்வெர்ட்டர். மூவழிக் கன்வெர்ட்டர் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலை பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கும் எரியாத பெட்ரோலுக்கும் அது ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். புகையில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் பிடுங்கும் வேலை நடக்காது. லாம்டா 1-ஐச் சுற்றி மிகக் குறுகிய ஓர் இடைவெளியில்தான் இரண்டும் சேர்ந்து நடக்கும். அந்த இடைவெளியிலேயே கலவையைப் பிடித்துவைக்க, இஞ்செக்டருக்கு முன்பிருந்த கார்ப்பரேட்டரால் முடியாது. பிடித்துவைப்பதற்காக வந்ததுதான் ஆக்சிஜன் சென்சர். பாஷ் தயாரித்த சென்சரோடு 1976-ல் கலிபோர்னியாவுக்கென்று வோல்வோ இறக்கிய கார்தான் இதில் முதல்.

அந்தச் சென்சருக்குள் இருக்கும் அறிவியல் அதைவிடப் பழையது. வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1890-களின் கடைசியில் சிர்கோனியாவையும் இட்ரியாவையும் கலந்து ஒரு பீங்கான் தண்டு செய்து, அதை மின்விளக்காக எரித்தார். சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாத அந்தப் பீங்கான் சூடானதும் கடத்தத் தொடங்கும். ஆக்சிஜன் அயனிகள் அதற்குள் இடம்விட்டு இடம் நகர்வதால்தான் அப்படி. விளக்கு சில ஆண்டுகள் விற்று, பிறகு மறைந்துபோனது. நெர்ன்ஸ்ட் 1889-ல் எழுதிய சமன்பாடு மறையவில்லை. இரண்டு பக்கமும் ஒரு பொருளின் செறிவு வேறுபட்டால் நடுவில் எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்று அது சொல்லும். 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வாங்கிய அவருடைய சமன்பாடும் பீங்கானும் ஒன்றுசேர்ந்து, இன்று இஞ்செக்டர் வைத்த ஒவ்வொரு பெட்ரோல் காரின் புகைக்குழாயிலும் உட்கார்ந்திருக்கின்றன.

சென்சரைக் கழற்றிப் பார்த்தால், ஓட்டை போட்ட உலோக உறைக்குள் சிறுவிரல் நுனி அளவுக்கு ஒரு பீங்கான் குப்பி தெரியும். அதன் வெளிப்பக்கம் புகை படும். உள்பக்கத்தில் வெளிக்காற்று. இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. சுமார் 300 டிகிரிக்குமேல் சூடானதும் வேலை செய்ய ஆரம்பிக்கும். புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால் 0.9 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், இருந்தால் 0.1-க்கு விழும். இரண்டுக்கும் நடுவில் சரிவு கிடையாது, சட்டென்ற வீழ்ச்சிதான். அதனால் பழைய வகைச் சென்சருக்கு லீனா ரிச்சா என்று மட்டும் சொல்லத் தெரியும். எவ்வளவு லீன் என்று கேட்டால் முழிக்கும். லீன் என்றால் இசியு கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டும். ரிச் என்றதும் குறைக்கும். இப்படி ஊசலாடிக்கொண்டே சராசரியை 14.7-ல் வைத்திருக்கும். ஊசலாட்டத்தைத் தாங்க கன்வெர்ட்டரில் சீரியம் ஆக்சைடு இருக்கிறது. மிஞ்சும்போது ஆக்சிஜனை வாங்கிவைத்து, குறையும்போது திருப்பிக் கொடுக்கும். வைட்பேண்ட் என்னும் புதிய வகைச் சென்சர் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடும். ஆனால் அதுவும் பார்ப்பது ஆக்சிஜனைத்தான்.

கல்யாணப் பந்தி முடிந்தபின் எச்சில் இலையைப் பார்த்துச் சமையல்கட்டில் நடந்ததைக் கணிப்பது போன்ற வேலை இது. இலையில் சோறு மிச்சமிருக்கிறது. சாம்பார் பற்றாமல் போனதா? கேட்காமலே யாரோ இன்னொரு கரண்டி சோற்றை வைத்துவிட்டார்களா? உட்கார்ந்தவர் உடம்புக்கு முடியாமல் கை வைக்காமலே எழுந்துவிட்டாரா? பக்கத்து இலைக்காரர் தன் சோற்றை இங்கே தள்ளிவிட்டாரா? நான்கிலும் இலை ஒரே மாதிரிதான் இருக்கும். சோற்றை ஆக்சிஜன் என்றும் சாம்பாரைப் பெட்ரோல் என்றும் வைத்துக்கொண்டால், பி0171-க்குப் பின்னால் உள்ள நான்கு காரணங்களும் இவைதான். பெட்ரோல் குறைவாக வருவது, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைவது, ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸாவது, புகைக்குழாயின் ஓட்டை வழியாக வெளிக்காற்று சென்சருக்கு எட்டுவது. நான்கில் எது என்று கண்டுபிடிக்க ஸ்கேனரில் கோடைத் தாண்டி இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். ஃபியூல் ட்ரிம் என்று அங்கே இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

தன் கணக்குப்படி போட வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ போடுகிறோம் என்று இசியு வைத்திருக்கும் கணக்குதான் ட்ரிம். ஷார்ட் டெர்ம் என்பது இந்த நொடியின் திருத்தம். லாங் டெர்ம் என்பது பல நாள் பழக்கத்தில் கற்று எழுதிவைத்துக்கொண்டது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் 5, கழித்தல் 5 எல்லாம் சாதாரணம். 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். விளக்கு எரியும் எல்லை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று. 25-ஐ ஒட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆக, விளக்கு எரிவதற்கு வெகுநாள் முன்பிருந்தே கோளாறு அங்கே எண்ணாக எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கும்.

ஒரே ஓர் எண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எஞ்சினின் வேலையை மாற்ற மாற்ற அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.2 லிட்டர் எஞ்சின் ஒன்று ஐட்லிங்கில் நொடிக்கு 2 கிராம் காற்று வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று வரும் வழியில், அளக்கும் சென்சரைத் தாண்டி, ஒரு ரப்பர் ஹோஸில் விரிசல். அதன் வழியாக நொடிக்கு 0.4 கிராம் திருட்டுத்தனமாக நுழைகிறது. இசியுவுக்குத் தெரிந்தது 2 கிராம். எஞ்சினுக்குள் இருப்பது 2.4. பெட்ரோலை 20 சதவீதம் கூட்டினால்தான் சரியாகும். இப்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 2,500 சுழற்சியில் பிடிக்கிறோம். எஞ்சின் 8 கிராம் வாங்குகிறது. திருட்டுக் காற்று அதே 0.4. ட்ரிம் 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். முழுக்க மிதித்து மேடேறினால், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் இருந்த வெற்றிடமே போய்விடும்; உறிஞ்ச ஆளில்லாததால் விரிசல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்த 0.4 கிராம் உள்ளே வர எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டும் என்று கணக்குப் போட்டால், 2 மில்லிமீட்டர் விட்டம்கூடத் தேவையில்லை. ஐட்லிங்கில் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், காற்று அந்த ஓட்டைக்குள் ஒலியின் வேகத்தில் பாய்கிறது. அதற்குமேல் வேகம் ஏறாது. மேலே இரண்டு இடத்திலும் அதே 0.4 என்று போட்டது அதனால்தான். பானெட்டைத் திறந்ததும் சில கார்களில் ‘உஸ்ஸ்’ என்று கேட்பதும் இதுதான்.

ஓட்டையைத் தேட எளிய வழி ஒன்று பட்டறைகளில் நடக்கிறது: கார்ப்பரேட்டர் கிளீனரை ஹோஸ்களின் மேல் அடித்துப் பார்ப்பது. விரிசலின்மேல் பட்டதும் அது உள்ளே உறிஞ்சப்பட்டு எரிபொருளாக மாறி எஞ்சின் சத்தம் மாறும். வேலை செய்கிற முறைதான். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பற்றி எரியக்கூடிய பொருளை அடிக்கிறோம் என்பதை மறந்தால் கார் மிஞ்சாது. எனக்குப் பிடித்தது புகைச் சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று போகும் வழியை அடைத்து, எண்ணெயைச் சூடாக்கி எழுப்பிய வெள்ளைப் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே விடுவார்கள். ஓரிரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு மேனிஃபோல்டின் அடியில், கையும் கண்ணும் போகாத இடத்திலிருந்து, நூல் மாதிரி புகை எழும். டார்ச் அடித்துக் கை விட்டால் எண்ணெய் ஆவி போகும் பிசிவி ஹோஸின் முழங்கை வளைவில் விரல் நிற்கும். மேலே பார்த்தால் ரப்பர் கறுப்பாக, நல்லபடியாக இருக்கும். அடிப்பக்கத்தை மடக்கினால்தான் விரிசல் வாய் திறக்கும். எண்ணெய் ஆவியும் சூடும் பட்டுப்பட்டு ரப்பர் அங்கே ஊறி இற்றுப்போயிருக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கட், இஞ்செக்டரின் ஓரிங், மூடாமல் நின்றுவிட்ட பர்ஜ் வால்வு ஆகியவையும் இதே பட்டியலில் வரும்.

நம்மூர்ச் சிறு கார்கள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் காற்றின் எடையை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சர் கிடையாது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சர் பார்த்து, அதிலிருந்து காற்றைக் கணக்கிடுவார்கள். விரிசல் வழியாக வந்த காற்றும் அழுத்தத்தை உயர்த்தும். மேப் அதையும் எண்ணிக்கொள்ளும். பெட்ரோலும் கூடவே வரும். அதனால் அந்த எஞ்சின் லீன் ஆவதைவிட, ஐட்லிங் ஏறிப்போய் இறங்க மறுப்பதுதான் அதிகம். மேப் வைத்த காரில் பி0171 வந்தால் என் சந்தேகம் முதலில் பெட்ரோல் பக்கமும் புகைக்குழாய்ப் பக்கமும்தான் போகும். எந்த வகைச் சென்சர் என்று பார்க்காமலே ஹோஸ் ஹோஸாகத் தடவிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பெட்ரோல் குறைவாக வந்தால் எண்கள் நேர்மாறாக நகரும். ஐட்லிங்கில் ட்ரிம் 3, 4 என்று நல்ல பிள்ளையாக இருக்கும். பாரம் ஏற ஏறக் கூடும். பலவீனமான பம்ப் குறைந்த தேவையைச் சமாளித்துவிடும், அதிகம் கேட்டால் அழுத்தம் விழும். இஞ்செக்டர் தெளிக்கும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3.5 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.5 இருந்தால் அழுத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டது. பெட்ரோலில் 15 சதவீதம்தான் குறையும். இந்தச் சலுகையால் பம்ப் பாதி செத்தபிறகும் கார் ஓடிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதிக்கும்போது சென்சர் 0.8, 0.9 வோல்ட் காட்ட வேண்டும், அப்போது 0.1-க்கு விழுந்தால் பிரஷர் கேஜை மாட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பம்ப்புக்குக் குளிர்ச்சி கொடுப்பது அது மூழ்கியிருக்கும் பெட்ரோலேதான் என்பதால், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் போகும்.

மாஃப் சென்சரில் தூசி படிந்தாலும் இதே தோற்றம் வரும். சூடான மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்துத்தான் அது அளக்கிறது. கம்பிமேல் தூசி ஒட்டினால் காற்றுக்குக் கம்பி சரியாக எட்டாது. வந்ததைவிடக் குறைவாகச் சொல்லும். அதற்கென்று விற்கும் கிளீனரை அடித்து உலரவிட்டால் பல சமயம் சரியாகிவிடும். துணியால் துடைத்தால் கம்பி போய்விடும்.

மீதி இரண்டும் பொல்லாதவை. ப்ளக்கோ காயிலோ கெட்டு ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், அதற்குள் வந்த ஆக்சிஜன் முழுவதும் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். எரியாத பெட்ரோலும்தான் கூடப் போகிறது. சென்சருக்குப் பெட்ரோலைப் பார்க்கத் தெரியாதே. லீன் என்று அது கத்தும். இசியு எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டும். வீணாகும் பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைச் சிவக்கவைக்கும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் இந்த ஆபத்துதான். அங்கேயே ஓரங்கட்ட வேண்டும். புகைக்குழாயில், சென்சருக்கு முன்னால், கேஸ்கட் போயிருந்தாலும் இதே ஏமாற்று நடக்கும். புகை வெளியே கசியத்தானே செய்யும், காற்று எப்படி உள்ளே வரும் என்று தோன்றும். புகை சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்து வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரு கணம் குழாய்க்குள் அழுத்தம் தாழ்ந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஐட்லிங்கில் இது அதிகம், வேகம் கூடினால் குறையும். ஸ்கேனரில் பார்த்தால் ஹோஸ் விரிசலின் மறுபதிப்பு. பிரித்துக் காட்டுவது ப்ளக். நிஜமாகவே லீனாக ஓடும் எஞ்சினின் ப்ளக்கில் கரி இருக்காது. புகைக்குழாய் ஓட்டையால் ஏமாந்த எஞ்சின் உண்மையில் ரிச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ளக் கரிந்திருக்கும், மைலேஜ் விழுந்திருக்கும், பின்னால் நின்றால் பெட்ரோல் வாடை அடிக்கும். லீன் என்று கோடு காட்டுகிற கார் கறுப்பாகப் புகைந்தால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம், குழாயைப் பாருங்கள்.

சென்சரும் சில சமயம் கெடும்தான். கேஸ்கட் ஒட்டக் கண்ட சிலிகான் பசையையும் போட்டால் அதன் ஆவி சென்சர்மேல் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். ஆனால் மற்ற நான்கையும் பார்த்தபிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

இந்தியாவில் இப்போது ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது கோளாறே அல்ல. 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுக்கப் பங்குகளில் சாதாரணப் பெட்ரோலாகவே ஆகிவிட்டது. எத்தனால் மூலக்கூறு தனக்குள்ளேயே ஓர் ஆக்சிஜன் அணுவைக் கொண்டு வருகிறது. அதை எரிக்க ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். 20 சதவீதம் கலந்தால் 14.7 என்பது 13.5-க்கு இறங்கிவிடுகிறது. வெறும் பெட்ரோலுக்கு அமைத்த காரில் இ20 ஊற்றினால், இசியு அதை லீனாகவே பார்க்கும். ஏழெட்டு சதவீதம் கூடுதலாகத் தெளித்துச் சமாளிக்கும். இ10-க்கு அமைத்த காரானால் அதில் பாதி. ட்ரிம் எப்போதும் 7-ல் நின்றால் அது எரிபொருளின் குணம். பிரித்து மேய வேண்டியதில்லை. சங்கடம் வேறு இடத்தில் வருகிறது. மேலே சொன்ன 0.4 கிராம் விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பெட்ரோலில் ட்ரிம் 20, விளக்கு எரியாது. இ20-ல் 7 சதவீதம் ஏற்கெனவே கூடியிருப்பதால் இரண்டும் பெருக்கலாகச் சேர்ந்து 28, எரியும். ஹோஸ் அதே ஹோஸ்தான், விரிசலும் பழைய விரிசல்தான். “புது பெட்ரோல் போட்டதுலேருந்து லைட்டு எரியுது” என்று வண்டிக்காரர் சொல்வதும் உண்மை, “ஹோஸ்தான் போச்சு சார்” என்று மெக்கானிக் சொல்வதும் உண்மை.

கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கு இந்தத் திருத்தம் எதுவும் கிடையாது. 2000-ஐ ஒட்டி இஞ்செக்டர்கள் வருவதற்கு முன் விற்ற கார்கள் இன்னும் ஊருக்குள் ஓடுகின்றன. அவற்றில் இ20 ஊற்றினால் ஏழெட்டு சதவீதம் லீன் ஆவது ஆனதுதான். சொல்ல விளக்குமில்லை, எண்ணுமில்லை. அதற்கான சோதனை ஸ்கேனரைவிடப் பழையது. எஞ்சின் நன்றாகச் சூடானபின், காலியான சாலையில், மூன்றாவது கியரில் சீராகப் போகும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்க வேண்டும். சோக் காற்றைக் குறைத்துக் கலவையை ரிச்சாக்கும். சரியாக இருக்கும் வண்டி அப்போது திணறும். திணறாமல், வெட்டி வெட்டி இழுப்பதும் நின்று வழுவழுவென்று போனால், அதுவரை லீனாகத்தான் ஓடியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கார்ப்பரேட்டர் அடியிலிருக்கும் கேஸ்கட், அப்புறம் அதற்குள் இருக்கும் மிதவையின் மட்டம். இரண்டும் சரியென்றால்தான் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட். எட்டு சதவீதம் கூடுதல் பெட்ரோல் வர துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூட வேண்டும். அதற்கு விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். ஒரு மில்லிமீட்டர் துளையானால் 1.04. இதை ஊசியால் குடைந்து பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நூறில் நான்கு பங்கு மில்லிமீட்டர் எந்தக் கைக்கும் வசப்படாது; அளவு போட்ட ஜெட்டை வாங்கி மாட்டுவதே மேல். மாட்டியபின் ஐட்லிங்கைத் தனியாக வைக்க வேண்டும். அதற்கு வேறு ஜெட், வேறு ஸ்க்ரூ.